படம் கீறுறதும் படிப்பிக்கிறதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். மற்ற நாட்களில் படம் கீறுகிறேன். இது இரண்டும்தான் என் தொழில் என்று சொன்னவுடனே ஆட்களுக்குச் சந்தேகங்கள் கிளம்பிவிடும். படலையடியில், கலியாண வீட்டில், வட்ஸ்அப்பில் என்று எங்கே போனாலும் அதே கேள்விகள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். பெற்றோர், மாணவர், படம் வாங்க வருபவர்கள், லண்டன், கனடாவில் இருந்து லீவுக்கு வருபவர்கள் எல்லாருடைய கேள்விகளும் இதில் கலந்து கிடக்கின்றன.

ரீச்சர், என்ர மகனுக்குக் கீற வருமோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோ.

முதல் நாளில் அதைச் சொல்ல என்னால் முடியாது. முடியும் என்பவர்களை நான் நம்புவதும் இல்லை. நான் கவனிப்பது ஒன்றைத்தான். பிள்ளை பொருளைப் பார்க்கிற நேரம் கூடவா, கடதாசியைப் பார்க்கிற நேரம் கூடவா? மேசையில் இருக்கும் கோப்பையை ஒருதரம் பார்த்துவிட்டு, குனிந்த தலை நிமிராமல் கீறும் பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு கோப்பையைத்தான் கீறும். முன்னால் இருப்பது அதுவல்ல.

இது பழக்கத்தால் மாறக்கூடியது. அதனால் 'வருமா, வராதா' என்ற கேள்வியை ஆறு மாதம் தள்ளிப் போடுங்கள். கார்ட்டூனை அச்சொட்டாகப் பார்த்துக் கீறுகிறான் என்று பெருமையாகக் கொண்டுவந்து காட்டுகிறீர்கள். சந்தோசம், கை நன்றாக ஓடுகிறது. கண்ணைப் பற்றி அது எனக்கு ஒன்றும் சொல்லாது.

எத்தினை வயசில சேர்க்கலாம்?

எட்டு வயதுக்கு மேல். அதற்கு முதல் கடதாசியும் கலர்ப் பெட்டியும் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு வயது எல்லை இல்லை. பென்சன் எடுத்த பிறகு வந்து சேர்ந்தவர்கள் என் வகுப்பில் இருக்கிறார்கள். பிள்ளைகளைவிட அவர்களுக்குத்தான் வெட்கம் கூட.

என்ன சாமான் வாங்கோணும்? பெரிய லிஸ்ற் சொல்லிப் போடாதேங்கோ.

2பி, 4பி, 6பி பென்சில் ஒவ்வொன்று. அழிறப்பர் ஒன்று, அதுவும் முதல் மாதம் என்னிடம்தான் இருக்கும். சித்திரக் கொப்பி. நீர்வர்ணம் தொடங்கும்போது நாற்பத்தெட்டுக் கலர்ப் பெட்டி வேண்டாம். இரண்டு சிவப்பு, இரண்டு நீலம், இரண்டு மஞ்சள் போதும். ஒவ்வொன்றிலும் ஒன்று சூடான சாயல், மற்றது குளிர்ந்த சாயல். பச்சையை டியூப்பில் வாங்கினால் பிள்ளை வாழை, வேம்பு, பூவரசு எல்லாவற்றுக்கும் அதே பச்சையைப் பூசும். கலந்து எடுக்கிற பிள்ளைக்கு மூன்றும் மூன்று பச்சை என்று தன்பாட்டில் பிடிபடும்.

காசைச் செலவழிப்பதென்றால் கடதாசியில் செலவழியுங்கள். மெல்லிய கடதாசி தண்ணீர் பட்டவுடன் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பிள்ளை தன் கையில்தான் பிழை என்று நினைத்துக்கொள்ளும்.

மழைத்தண்ணி கொண்டுவரச் சொன்னியளாம். கிணத்துத் தண்ணி என்னத்துக்குக் காணாது?

யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்கள் வலிகாமப் பகுதியில் பல கிணறுகளின் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிய நீர்வர்ணப் பூச்சில் அந்தக் கல்சியம் சில வர்ணத் துகள்களைத் திரள வைக்கும். பூச்சு சீராக ஓடாமல் பொட்டுப் பொட்டாய் நிற்கும். முக்கியமாக வானம் பூசும்போது தெரியும். மாரியில் ஒரு வாளி மழைத்தண்ணீர் பிடித்து, வடித்து, போத்தலில் விட்டு வைத்தால் பல மாதம் காணும். இல்லையென்றால் பற்றரிக்கு விடுகிற வடிதண்ணீர் வாங்கலாம். போஸ்டர் கலருக்கும் அக்கிரிலிக்குக்கும் கிணற்றுத் தண்ணீரே போதும்.

பிள்ளை ஒரு மாசமாச் செருப்பையே கீறிக்கொண்டு வருது. இதுக்கோ காசு கட்டுறம்?

ஓம், இதற்குத்தான்.

வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும் விறாந்தைப் படியில் செருப்பைக் கழற்றுகிறார்கள். ஒவ்வொருவரும் தன் பாட்டா செருப்பை எடுத்து, கடதாசிக்கு முன்னால் வைத்து, அதையே கீற வேண்டும். முதல் கிழமை எல்லாரும் அடியை மேலிருந்து பார்த்த மாதிரியும், வாரைப் பக்கவாட்டில் பார்த்த மாதிரியும் கீறுவார்கள். இரண்டு பார்வை ஒரே படத்தில். அந்தப் பக்கம் போய்ப் பார், இந்தப் பக்கம் இருந்து பார் என்று நான் சொல்லத் தொடங்குவேன். முன்னால் இருந்து பார்த்தால் நீளமான அடி எவ்வளவு குறுகிப் போகிறது என்று பென்சிலை நீட்டி அளக்கப் பழக்குவேன்.

மூன்றாம், நாலாம் கிழமையில்தான் விசயம் நடக்கும். பெருவிரல் அழுத்திய இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. குதிக்காலில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதாவது இந்தப் பிள்ளை காலைச் சரித்து வைத்து நடக்கிறது. தூக்கி நிற்கும் வாருக்குக் கீழே ஒரு நிழல், அந்த நிழலுக்குள்ளும் அடியின் நீலம் கொஞ்சம் தெரிகிறது. இதெல்லாம் தெரியத் தொடங்கிய பிள்ளைக்கு நான் எதைக் கொடுத்தாலும் கீறும். அதற்குப் பிறகு முகம் கீறப் பழக்குவது எனக்குச் சுலபம்.

இன்னொன்று. நான் பிள்ளையின் கடதாசியில் கை வைப்பதில்லை. திருத்தம் காட்டுவதென்றால் பக்கத்தில் வேறு துண்டில் கீறிக் காட்டுவேன். வீட்டுக்கு வரும் படம் கோணலாக இருக்கலாம், ஆனால் கோடு முழுவதும் உங்கள் பிள்ளையுடையது.

ஓ.எல். சித்திரத்துக்கு ஏ எடுக்கப் பண்ணுவியளோ?

பரீட்சைக்கென்று தனியே படிப்பிக்கிற ரியூசன்கள் இருக்கின்றன, நான் அது இல்லை. எழுத்துத் தாளுக்குப் பாடப்புத்தகமும் பழைய வினாத்தாள்களும் வேண்டும். அதைப் பள்ளிக்கூடத்தில் நன்றாகவே செய்கிறார்கள். செய்முறைக்கு, மேலே சொன்ன செருப்பு வேலை நேரடியாக உதவும். பொருட்கூட்டம் வைத்துக் கீறச் சொன்னால் என் பிள்ளைகள் பயப்படமாட்டார்கள். ஒரே ஒரு காட்சியை, கோயில் திருவிழாவோ சந்தையோ, மனப்பாடம் செய்து எந்தக் கேள்விக்கும் அதையே பொருத்துகிற வித்தையை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

கம்பஸில படிச்சாத்தானோ ஓவியர்?

இல்லை. ஆனால் படிக்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து, 1975 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, இப்போது தனிப் பீடமாகியிருக்கும் இடத்தில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கலாம். ஏ.எல். பெறுபேற்றோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கலை வரலாறு படிக்க விருப்பமென்றால் அதே பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணத் திருநெல்வேலி வளாகத்தில் நுண்கலைத் துறை இருக்கிறது.

இங்கே ஓவியம் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வளர்ந்த கதையும் ஒன்று உண்டு. எஸ். ஆர். கனகசபை 1938 இல் வின்சர் ஆர்ட் கிளப்பைத் தொடங்கினார். பிறகு அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை நடத்தினார். பெயரே சொல்கிறது, லீவு நாளில் கூடிக் கீறியது. படிப்பிக்கிறவரும் கீறுகிறவரும் ஒரே ஆளாக இருப்பது யாழ்ப்பாணத்தில் புதிய விசயம் இல்லை.

உண்மையைச் சொல்லுங்கோ, படம் கீறிச் சீவிக்கேலுமோ?

படம் மட்டும் விற்று என்றால் கஷ்டம். எனக்கு வருமானம் நாலு வழியால் வருகிறது: வகுப்பு, காலமானவர்களின் உருவப்படம் (முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் முதல் அவசரமாகக் கேட்பார்கள்), எப்போதாவது கோயில் அல்லது பள்ளிக்கூடச் சுவர், கடைசியாக, நான் என் விருப்பத்துக்குக் கீறி விற்பது. கடைசியாகச் சொன்னதில் வருவதுதான் ஆகக் குறைவு. மற்ற மூன்றையும் செய்வதே அதற்காகத்தான்.

மகள் ஓவியராக வரப்போகிறாள் என்றால் மறிக்காதீர்கள். இரண்டாவது ஒரு வருமானமும் பழகு என்று மட்டும் சொல்லுங்கள். வசதியான மாப்பிள்ளை பார்த்தால் சரி என்று ஒரு அம்மா சொன்னார். அதை நான் வருமானக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படிப்பிக்கப் போனா உங்கட சொந்த வேலை குறையாதோ?

நேரம் குறையும்தான். ஞாயிறு பின்னேரம் தொண்டை வரண்டு, ஒரு கோடு இழுக்கவும் மனம் வராது. ஆனால் ஒரு பிள்ளை 'ஏன் ரீச்சர் அந்த நிழல் கறுப்பில்லை?' என்று கேட்டால், நான் கையால் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை கன்வசுக்கு முன்னால் நிற்கும்போது அந்தப் பதில் எனக்கே உதவும். விடியற்காலை ஆறரை முதல் வெயில் ஏறும் வரை என் சொந்த வேலை. அந்த நேரத்தில் போன் எடுத்தால் பதில் வராது, குறை நினைக்க வேண்டாம்.

நல்ல வடிவா ஒரு கூரை போட்ட சங்கடப்படலை, மாட்டு வண்டில், துலாக் கிணறு கீறித் தாங்கோவன். ஏன் மாட்டன் எண்டுறியள்?

வெளிநாட்டில் இருந்து வருபவர்களின் கேள்வி இது. ஆசை எனக்கு விளங்குகிறது. முப்பது வருடத்துக்கு முதல் விட்டுப்போன ஊரைச் சுவரில் தொங்கவிட விருப்பம். ஆனால் என் ஒழுங்கையில் மாட்டு வண்டில் போவதில்லை. துலா இருந்த கிணற்றடியில் மோட்டர் இருக்கிறது. கிடுகு வேலி இருந்த இடத்தில் தகரமோ மதிலோ நிற்கிறது. நான் பார்க்காததைக் கீறினால், முதல் கேள்வியில் சொன்ன கோப்பைக் கதைதான்.

தகரம் வடிவில்லை என்பார்கள். மத்தியானம் ஒருதரம் நின்று பாருங்கள். சாம்பல் நிறம் என்று நினைக்கும் தகரத்தின் மேல் பாதியில் வானத்தின் நீலம் விழுந்திருக்கும், கீழ்ப் பாதியில் செம்மண்ணின் சிவப்பு ஏறியிருக்கும், நெளிவுக்கு நெளிவு இரண்டும் மாறி மாறி வரும். ஆணி அடித்த இடத்தில் கறள் ஒழுகிய கோடு. அதைப் பூசி முடிக்க எனக்கு ஒரு கிழமை வேண்டும், அலுக்கவே அலுக்காது. கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, பாதியில் நிற்கும் மேல்மாடி, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் தூண்: இதுதான் இப்போதைய யாழ்ப்பாணம். இதை யாரும் காலண்டரில் போடமாட்டார்கள், அதனால்தான் எனக்கு இதில் வேலை இருக்கிறது.

பனையைக் கீறமாட்டேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. பனை இன்னும் நிற்கிறது, கீறுகிறேன்.

பூட்டிக் கிடக்கிற வீடுகளைக் கன தரம் கீறியிருக்கிறியள். அது சண்டையைப் பற்றினதோ?

சிலது. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டைக்கு ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது, கையில் தூக்கக் கூடியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கன்வஸ் சுருளும் பழைய படங்களும் அந்தக் கணக்கில் வரவில்லை. பல ஓவியர்களின் வேலை அதோடு போயிற்று. இங்கே முந்தைய தலைமுறையின் படங்களைத் தேடினால் மூலப் படத்தைவிட அதன் போட்டோ கிடைப்பது சுலபம்.

ஆனால் பூட்டிய வீடு எல்லாம் சண்டையால் பூட்டியது இல்லை. பிள்ளைகள் ரொறன்ரோவில், அம்மா காலமாகிவிட்டார், திறப்பு பக்கத்து வீட்டில் என்றும் இருக்கிறது. பார்ப்பவர் எதை நினைக்கிறாரோ நினைக்கட்டும் என்று படத்துக்குத் தலைப்பாக ஒழுங்கையின் பெயரை மட்டும் வைக்கிறேன். சண்டையையே நேராக எடுத்துச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து கீறச் சொல்லி, ஓவியர் தா. சனாதனன் தொகுத்தது 2011 இல் நூலாக வந்தது. கீறத் தெரியாதவர்களின் கோடுகள் அவை. அறை எங்கே, கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று அதில் எல்லாம் இருக்கிறது. அப்படி ஒன்றைச் செய்ய எனக்கு வராது. நான் கதவுக்கு வெளியே நின்று கீறுகிற ஆள்.

ஒயிலோ, அக்கிரிலிக்கோ? எங்கட வெக்கைக்கு எது சரி?

இரண்டும் சரி, இரண்டுக்கும் தனித்தனித் தொல்லை. அக்கிரிலிக் இங்கே பங்குனி, சித்திரை வெயிலில் பலகையிலேயே தோலாகிவிடும். ஈர ஸ்பொஞ்சின் மேல் எண்ணெய்க் கடதாசி விரித்து, அதன் மேல் வர்ணத்தை வையுங்கள். காய்ந்த அக்கிரிலிக் படங்களை முகத்தோடு முகம் அடுக்கவும் வேண்டாம், வெக்கையில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும்.

ஒயில் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து மெல்ல இறுகுவது. தொட்டால் ஒட்டாத நிலைக்குப் பல நாள், தடிப்பான பூச்சென்றால் கிழமைக் கணக்கில் எடுக்கும். வார்னிஷ் அடிக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் கூடியது மேலே. மாறிச் செய்தால் வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவேண்டாம். அது தானாகச் சூடாகித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவிட்டு அல்லது தண்ணீருக்குள் போட்டு வையுங்கள்.

போன மாரியோட படத்தில பூஞ்சணம் பிடிச்சிட்டுது. என்ன செய்யிறது?

கார்த்திகை, மார்கழி ஈரத்தில் சுவர் வியர்க்கும். சுவரோடு ஒட்டி மாட்டியிருப்பீர்கள். சட்டத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டி, காற்றுப் போக இடம் விடுங்கள். கடதாசிப் படமென்றால் கண்ணாடி நேரே படத்தில் முட்டக்கூடாது, இடையில் மட்டை வளையம் வேண்டும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சணம் பரவும். நன்றாகக் காயவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டிவிடுங்கள். அதற்கும் போகாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள்.

கனடாவுக்கு எப்பிடிக் கொண்டு போறது? மடிக்கலாமோ?

மடிக்கவே கூடாது. கன்வசைச் சட்டத்திலிருந்து கழற்றி, வர்ணம் வெளிப்பக்கம் இருக்க, அகலமான குழாயில் சுற்ற வேண்டும். உள்பக்கம் சுற்றினால் பூச்சு நசிந்து சுருங்கும். ஆறு மாதம் ஆகாத ஒயிலை நான் சுற்றிக் கொடுப்பதில்லை. லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஓடர் தருபவர்கள் இதைக் கவனிக்கவும்.

போட்டோவைப் பார்த்துக் கீறினா அது களவில்லையோ?

உங்கள் போட்டோ என்றால் களவில்லை, ஆனால் குறை இருக்கிறது. போன் கமரா மத்தியான நிழலைக் கறுப்பாக்கிவிடும், கிட்ட இருக்கும் மூக்கைப் பெரிதாக்கிவிடும். காலமானவர்களின் படத்துக்கு வேறு வழியில்லை, அடையாள அட்டைப் படத்தை வைத்தும் கீறியிருக்கிறேன். அப்போது அதே முகவாக்குள்ள ஒரு மகனையோ மகளையோ ஜன்னலோரம் இருத்தி, வெளிச்சம் முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்ப்பேன். ஒழுங்கைப் படங்களுக்கு நேரே போய் நின்றுதான் கீறுவது.

அப்பான்ர படத்தைக் கொஞ்சம் வெள்ளையாக் கீறி விடுவியளோ?

நிறைய வீடுகளில், மெல்லிய குரலில், போகும்போது படலையடியில் கேட்பார்கள். மாட்டேன்.

பழைய ஸ்ரூடியோக்களில் முகத்தை வெளிற வைத்துத் தருவது வழக்கம். அதையே பார்த்துப் பழகியதால் கறுத்த முகம் படத்தில் 'வடிவாக வராது' என்று ஒரு நம்பிக்கை. உண்மை மறுவளம். கறுத்த தோலில் நெற்றி மேட்டில் வானத்தின் நீலம் தெரியும், கன்னத்துக்குக் கீழே சிவப்பு மண்ணிறம் கனியும், கழுத்து நிழலில் ஊதா இருக்கும். வெள்ளையைக் கலந்தால் இவ்வளவும் செத்துச் சுண்ணாம்பாகிவிடும். வயலில் நின்ற மனிதருக்கு வயலில் நின்ற நிறம் இருக்கட்டும்.

நான் செய்வது இதுதான். முதல் பூச்சு முடிந்தவுடன் வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன், முக்கியமாக மனைவி உயிரோடு இருந்தால் அவரை. 'இவர்தான்' என்று அவர் சொன்னால் பிள்ளைகள் நிறத்தைப் பற்றிக் கதைப்பதில்லை. அதற்குப் பிறகும் வெள்ளையாகத்தான் வேண்டுமென்றால் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அப்படி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஒரு கிழமையில முடிச்ச படத்துக்கு இவ்வளவு விலையோ?

வர்ணமும் நல்ல கன்வசும் இறக்குமதி. 2022 இல் டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியபோது ஏறிய விலை பிறகு பழைய இடத்துக்கு இறங்கவில்லை. சட்டம், கண்ணாடி, ஓட்டோக் கூலி அதற்கு மேல். விலை பேசலாம், கோபிக்கமாட்டேன். ஆனால் 'சொந்தக்காரர்தானே' என்று தொடங்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் யார் யாருக்குத்தான் சொந்தமில்லை?

நான் காசு குடுத்து வாங்கின படம். காலண்டர் அடிச்சா உங்களுக்கென்ன?

நீங்கள் வாங்கியது படத்தை. அதைப் பிரதி பண்ணும் உரிமை, எழுத்தில் வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால், கீறியவரிடமே இருக்கும். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதைப் படைப்பாளியின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 வருடத்துக்கும் பாதுகாக்கிறது. வீட்டில் மாட்டலாம், விற்கலாம், பேத்திக்குச் சீதனமாகவும் கொடுக்கலாம். காலண்டர், ரீசேட், கடை விளம்பரம் என்றால் முதலில் கேளுங்கள். ஊர்ப் பள்ளிக்கூட மலருக்கு என்றால் அநேகமாக ஓம் என்றுதான் சொல்வேன். உருவப்படத்தைக் கல்வெட்டுப் புத்தகத்தில், அதாவது காலமானவருக்கான நினைவு மலரில், போடக் கேட்கவே தேவையில்லை, அதற்கென்றுதான் கீறித் தருகிறேன்.

இப்ப கொம்பியூட்டரிட்டைச் சொன்னா ஒரு நிமிசத்தில படம் வருது. பேந்தென்னத்துக்கு நீங்கள்?

பிள்ளைகள் அப்படி எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். யாழ்ப்பாணம் என்று கேட்டால் வந்த பனையில் தென்னோலை முளைத்திருந்தது. நாளைக்கு அது திருந்திவிடும், அதை வைத்து நான் வாதாடப் போவதில்லை. விளம்பரம், அழைப்பிதழ் வேலைகள் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டன. அது பிழைப்பில் அடிதான். ஆனால் வகுப்பில் செருப்போடு இருக்கும் பிள்ளைக்குத் தேவை படம் இல்லை, பார்க்கிற பழக்கம். அதை வேறு யாரும் செய்து கொடுக்கேலாது.

உங்கட ஆசை என்ன ரீச்சர்? கொழும்பில, வெளிநாட்டில கண்காட்சி வைக்கிறதோ?

கூப்பிட்டால் போவேன். ஆனால் நான் வேலை செய்துகொண்டிருப்பது வேறொன்றுக்கு. எங்கள் ஒழுங்கையை அந்தத் தொங்கலில் இருந்து இந்தத் தொங்கல் வரை, ஒரு வீடும் விடாமல், மத்தியான வெளிச்சத்தில் கீறி முடிக்க வேண்டும். ஓவியர்கள் பொதுவாக மத்தியானத்துக்குப் பயம், நிழல் இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும் என்று. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் தூணின் நிழல் தூணின் காலுக்குள்ளேயே ஒளிந்துவிடும். மதிலும் மண்ணும் ஒரே வெளிச்சத்தில் எரியும்போது எது எங்கே முடிகிறது என்று வர்ணத்தால் மட்டும்தான் காட்டலாம். அதைப் பிடிக்க வேண்டும். வருடத்தில் கிடைப்பது சில நாட்கள்தான் என்பதால் மெதுவாகவே நகர்கிறது.

முடிந்தால் ஒழுங்கை முகப்பிலுள்ள வாசிகசாலையில்தான் முதலில் வைப்பேன். தங்கள் தகர வேலியைப் பார்த்து அயலவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க ஆசை. ஒரு வீட்டுக்காரர் இப்போதே, கண்காட்சிக்கு முதல் மதில் கட்டிவிடுகிறேன், பொறுங்கோ என்கிறார்.

அதுக்கு முதல் படங்களைப் பார்க்க ஏலாதோ?

பார்க்கலாம். கிழமை நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு போன் எடுத்துவிட்டு வாருங்கள். ஒயில் காயாத படங்கள் சுவரோடு சாத்தியிருக்கும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாருங்கள்.